திங்கட்கிழமை நுரை

அத்தியாயம் 7

ஆர்லோ பென்னர் எழுந்தான். பல் தேய்த்தான். முகம் மழித்தான். ஒரு முட்டையை வேகவைத்து நின்றுகொண்டே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். கனத்த கோட்டு, தொப்பி, கையுறை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. இஞ்சின் உறையாமலிருக்க வண்டியின் மூக்கிலிருந்து சுவருக்குப் போன மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினான். கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினான். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு உயிர்பிடித்தது.

ஏழு மாதமாக இதே வரிசைதான். வரிசை தப்பினால் அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டிவரும். யோசிப்பதை அவன் வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தான்.

சார்ஜென்ட் அவென்யூ முனையில் மரிசெல் நின்றிருந்தாள். அவனுடைய துப்பறியும் அலுவலகத்தின் ஒரே ஊழியர். கழுத்துத் துண்டுக்கும் தொப்பிக்கும் நடுவே கண் மட்டும் தெரிந்தது. ஏறி உட்கார்ந்ததும் ரொட்டிப் பையை அவன் மடியில் வைத்தாள்.

“அம்மா சுட்ட பான்டசால். சாப்பிடலன்னா அவங்க உங்க மேல கேஸ் போடுவாங்க. அந்தக் கேஸையும் நாமதான் விசாரிக்கணும்.”

“அப்புறம் சாப்பிடறேன்.”

“உங்க மூஞ்சிக்கு வெளியில இருக்கிற குளிரே தேவலாம் பாஸ்.”

அவன் கியரைப் போட்டான். மரிசெல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்த லெட்டர் இன்னைக்கா போகுது?”

“சாயந்திரம் அஞ்சு மணிக்கு.”

கடிதம் ரூனாவைப் பற்றியது. ரூனா, ஆர்லோவின் மனைவி. ஆற்றை ஒட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் செல்களுக்குள் செய்தி எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள். செல்லின் வாசலில் ஒரு செய்தி வந்து தட்டினால், உள்ளே ஒரு புரதம் அதை வாங்கிக்கொண்டு கூவிக்கொண்டே ஓடும். செல் வளர ஆரம்பிக்கும். செய்தி வராத நேரத்தில் அந்தக் கூவுகிறவனின் வாயைப் பொத்தி வைத்திருக்கும் இன்னொரு புரதத்தை ரூனா கண்டுபிடித்தாள். கட்டுரை வசந்தத்தில் வந்தது. கோடையில் அவள் இறந்துபோனாள்.

அதன் பிறகு அதே சோதனையை லேபில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவள் கண்டது வரவில்லை. யாரும் தட்டாமலே செல்கள் கூவிக்கொண்டிருந்தன. லேபின் தலைவர் டாக்டர் எமில் ரிவார் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். மறைந்த ஆய்வாளர் முடிவுகளைத் தாமாகவே புனைந்திருப்பதாகக் கருத வேண்டியிருக்கிறது. அனுப்புவதற்கு முன் மரியாதைக்காக ஆர்லோவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆர்லோ ஒரு வாரம் கேட்டான். அந்த வாரம் இன்றோடு முடிகிறது.

“நாஸ்ரின்தான் பாஸ்,” என்றாள் மரிசெல். “ரூனா இடத்துக்கு வந்தவ. சோதனையைச் செய்யறதும் அவ, வரலன்னு சொல்றதும் அவ. செத்தவ பேரைக் கெடுத்துட்டா நாற்காலி நிரந்தரம். நான் எழுதற நாவல்ல இப்படித்தான் வரும்.”

“நீ நாவல் எழுதறியா?”

“இல்ல. எழுதினா இப்படித்தான் வரும்.”

*

ரிவார் நடைவழியிலேயே எதிர்ப்பட்டார். அறுபதைத் தாண்டிய ஆள், கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கைகுலுக்கியபோது ஆர்லோவின் கை அந்தக் கைக்குள் காணாமல் போய்த் திரும்பி வந்தது.

“பென்னர், உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எனக்கு ஆசையில்ல.”

“தெரியும்.”

“நாஸ்ரின் இன்னைக்குக் கடைசித் தடவையா செஞ்சு பாக்கறா. போய்ப் பாருங்க. எதை வேணும்னாலும் கேளுங்க.”

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மரிசெல் மூக்கைச் சுளித்தாள்.

“காலங்காத்தால ஏத்திட்டு வந்திருக்கார். கையில கூடவா சாராயம் வீசும்? குடிச்சாரா, குளிச்சாரா?”

அது குடிக்கிற சாராயம் இல்லை என்று ஆர்லோவின் மூக்குக்குத் தெரிந்தது. எங்கே பழகிய வாசனை என்பதை மட்டும் மனம் சொல்ல மறுத்தது.

செல் வளர்க்கும் அறை நடைவழியின் கோடியில் இருந்தது. நாஸ்ரின் கதவைத் திறந்துவிட்டாள். மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

“என்னைச் சந்தேகப்படறீங்க,” என்றாள் எடுத்த எடுப்பில்.

“அவர் இல்ல. நான்,” என்றாள் மரிசெல். “அவர் யாரையும் நேரா சந்தேகப்பட மாட்டார். நல்லா வளர்த்திருக்காங்க.”

நாஸ்ரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. கையுறை மாட்டிக்கொண்டாள். பக்கத்திலிருந்த புட்டியை எடுத்து இரண்டு கைகளிலும் பீய்ச்சித் தேய்த்தாள். கிருமி போகச் சாராயம். அறை முழுக்க அந்த வாசனை எழுந்தது.

ஆர்லோ சுவரைப் பிடித்துக்கொண்டான். ரூனாவின் சட்டைக் கையிலிருந்து வரும் வாசனை. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அவன் கழுத்தைச் சுற்றி அவள் கை போடும்போது வருவது. வேறு யாரிடமும் அவன் அதை முகர்ந்ததில்லை, இன்று காலைவரை.

“பாஸ்?”

“ஒண்ணுமில்ல. நாஸ்ரின், என்ன செய்யறீங்கன்னு ஒரு குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

“ஞாயிறு சாயந்திரம் செல்களைப் பட்டினி போடணும். அவங்க சாப்பாட்டுல கன்னுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்திருக்கும். அதுல வளரு, வளருன்னு ஆயிரம் செய்தி இருக்கு. அதை எடுத்துட்டு வெறும் உப்பும் சர்க்கரையும் உள்ள தண்ணியில விட்டுடுவேன். ராத்திரி முழுக்க எந்தச் செய்தியும் வராது. காலையில எல்லாம் அமைதியா இருக்கணும். அப்புறம் பாதித் தட்டுகளுக்கு மட்டும் செய்தி கொடுத்து, எது கூவுதுன்னு பாப்பேன்.”

“சாப்பாடே ஒரு செய்திங்கறீங்க.”

“ஆமா. பெரிய செய்தி.”

“எங்க அம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க,” என்றாள் மரிசெல்.

“எப்பவும் திங்கட்கிழமைதான் செய்வீங்களா?” என்று கேட்டான் ஆர்லோ.

“ரூனா குறிப்புல அப்படித்தான் இருக்கு. நானும் அதையே செய்யறேன். ஒரு துளி மாத்தல. மாத்தினா அதனாலதான் வரலன்னு சொல்லுவாங்க.” அவள் கையுறையின் விரல்களை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நான் அவங்களைப் பொய்யாக்க வரல மிஸ்டர் பென்னர். வந்துடணும், வந்துடணும்னு வேண்டிக்கிட்டே செய்யறேன். வரமாட்டேங்குது.”

மரிசெல் ஆர்லோவைப் பார்த்தாள். அவள் எழுதாத நாவலில் ஒரு வில்லி குறைந்துபோனாள்.

மூலையில் சின்ன அலமாரி மாதிரி ஒரு பெட்டி. செல்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர். கதவில் ரூனாவின் கையெழுத்தில் ஒட்டியிருந்த பெயரை யாரும் கிழிக்கவில்லை. நாஸ்ரின் உள்ளிருந்து தட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். கையளவுக் கண்ணாடி வட்டங்கள், உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர். மூடிகளில் பேனாவால் ரூனாவின் செல்வகைப் பெயரும் எண்ணும்.

ஆர்லோ குனிந்து பார்த்தான். அவனுக்கு அறிவியல் தெரியாது. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருப்பது தெரிந்தது.

“இது என்ன?”

“நுரை. எடுத்துட்டு வரும்போது குலுங்கியிருக்கும்.”

“நீங்க குலுக்கல. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.”

“அப்போ ராத்திரி ஊத்தும்போது வந்திருக்கும்.”

“ரெண்டு குழாய் கொடுங்க. ஒண்ணுல பட்டினித் தண்ணி, ஒண்ணுல சாப்பாடு.”

நாஸ்ரின் கொடுத்தாள். ஆர்லோ இரண்டையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கினான், மேஜைமேல் நிறுத்தினான். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டினித் தண்ணீரின் குமிழிகள் அப்போதே உடைந்து மறைந்தன. சீரம் கலந்ததன் தலையில் நுரை தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தது, இறங்குகிற வழியாக இல்லை.

“ஒண்ணு சோடா, ஒண்ணு பீர்,” என்றாள் மரிசெல்.

நாஸ்ரினின் கை வாய்க்குப் போனது. கையுறை முகத்தில் படக்கூடாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

“நான் பட்டினி போட்டேன். சத்தியமா போட்டேன்.”

“நீங்க போட்டீங்க. வேற யாரோ சோறு போட்டிருக்காங்க,” என்றான் ஆர்லோ. “இந்த அறைக்கு வேற யார் வருவாங்க?”

“யாரும் வரமாட்டாங்க. இது ரூனாவோட அறை. அவங்க போனதிலிருந்து நான் மட்டும்தான்.”

“பட்டினித் தட்டு, தொடாதேன்னு எதுவும் ஒட்டி வைக்க மாட்டீங்களா?”

“மத்த அறைகள்ல பச்சை டேப் ஒட்டணும். அது இங்க விதி. ஆனா யாரும் வராத அறையில யாருக்காக ஒட்டறது?”

மரிசெல் அதற்குள் கையுறைப் பெட்டிகளிடம் போயிருந்தாள். இரண்டு பெட்டிகள். ஒன்று சின்ன அளவு, இன்னொன்று மிகப் பெரிய அளவு. இரண்டும் திறந்திருந்தன. குப்பைத் தொட்டியில் மேலாகக் கிடந்த ஒரு ஜோடியைப் பேனா நுனியால் தூக்கிக் காட்டினாள். அதில் நாஸ்ரினின் இரண்டு கைகளையும் சேர்த்து நுழைக்கலாம்.

“பாஸ், இந்த நிலையத்துல கரடி யாராவது வேலை செய்யறாங்களா?”

ஆர்லோ அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நடைவழிப் பக்கம் நடந்தான்.

*

ரிவார் மேஜைக்குப் பின்னால் இருந்தார். கணினித் திரையில் கடிதம் திறந்திருந்தது. அவர் உட்காரச் சொல்லும்வரை மரிசெல் காத்திருக்கவில்லை.

“டாக்டர், இன்னைக்கு விடியக்காலையில எங்க இருந்தீங்க?”

“இங்கதான். எதுக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்கு? உங்க லேபுல வந்த கட்டுரை. அது பொய்யானா உங்களுக்கு என்ன லாபம்? கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஒண்ணும் வரல. அப்போ ரூனா மேல என்ன பகை?”

“பகையா?” ரிவார் எழுந்தார். “ரூனா மேலயா?”

“மரிசெல்,” என்றான் ஆர்லோ. அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் ரிவாரின் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“பகையெல்லாம் இல்ல. நீங்க அவ செல்களுக்குச் சாப்பாடு போடறீங்க.”

ரிவாரின் பெரிய உடம்பு மெல்ல நாற்காலிக்குள் இறங்கியது.

“அந்த வகையை அவ தன் கையால உண்டாக்கினா,” என்றார் கடைசியில். “திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால வந்துடுவா. ‘சனி, ஞாயிறு ரெண்டு நாளா பசியோட இருக்கும், பாவம்’னு சொல்லுவா. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்த அறை. முந்தின நாள் ஹாக்கியில தோத்தவங்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே ஒவ்வொரு தட்டா மாத்துவா. நான் இங்க உக்காந்து கேட்டுட்டிருப்பேன். அவ போனப்புறம் வந்த முதல் திங்கட்கிழமை, சுவத்துல சத்தமே இல்ல. என்னால உக்கார முடியல. போனேன். தட்டெல்லாம் இருந்துச்சு. மாத்திட்டு வந்தேன்.”

“அப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும்.”

“ஆமா. நான் பிப்பெட் பிடிச்சுக் கையால வேலை செஞ்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு. பசங்க பாத்தா சிரிப்பாங்கன்னு யாரும் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன். சும்மா வளர்த்து வச்சிருக்கிற தட்டுன்னுதான் நினைச்சேன். பட்டினித் தட்டுன்னு ஒண்ணும் ஒட்டலையே.”

“யாரும் வராத அறைன்னுதானே நான் ஒட்டல,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நாஸ்ரின். அவள் கையில் அந்த இரண்டு குழாய்கள். ஒன்றில் நுரை இன்னும் அடங்கவில்லை.

ரிவார் குழாயைப் பார்த்தார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்பது வருஷம் இதே தொழிலில் இருந்தவர். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும் நான் திங்கட்கிழமைதான் செஞ்சேன் டாக்டர்.”

“அவ பொய் சொன்னான்னு எழுதினேனே,” என்றார் ரிவார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “என் கையால எழுதினேனே.”

மரிசெல்லால் பொறுக்க முடியவில்லை. “ஒரு கையால அவ பேரை அழிச்சீங்க, இன்னொரு கையால அவ பிள்ளைங்களுக்குச் சோறு ஊட்டினீங்க. ஒரு வாரமா வில்லனைத் தேடறேன். எவனாவது கிடைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு மனப்பாடமா வச்சிருந்தேன். கடைசியில…” அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “அழாதீங்க டாக்டர். திட்ட வந்தவளை இப்படி அழவைக்கக் கூடாது.”

ஆர்லோ தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஏழு மாதமாக எதுவும் வருவதில்லை. ஒன்று மட்டும் தோன்றியது: அந்த முதல் திங்கட்கிழமை, இந்த மனிதர் தட்டு மாற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தானும் வீட்டில் நின்றுகொண்டே முட்டை தின்றிருக்க வேண்டும்.

“லெட்டர்?” என்றான்.

ரிவார் திரையைத் திருப்பினார். கடிதத்தை அழித்தார். அழித்ததை அவன் பார்க்கும்வரை திரையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“அது போதாது,” என்றான் ஆர்லோ. “அழிச்சுட்டா சந்தேகம் இருந்துட்டே இருக்கும். அவ சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியணும்.”

“இன்னைக்கே புதுத் தட்டுல பட்டினி போடறேன்,” என்றாள் நாஸ்ரின். “டேப் ஒட்டறேன்.”

“டேப் மட்டும் போதாது, பூட்டும் போடு,” என்றார் ரிவார். “சாவியை என்கிட்ட கொடுக்காதே.”

*

முடிவு வர இரண்டு நாள் பிடித்தது. நாஸ்ரின் கூப்பிட்டபோது ஆர்லோவும் மரிசெல்லும் வண்டியில்தான் இருந்தார்கள். காப்பீட்டுக்காக விசாரித்துக்கொண்டிருந்த எரிந்த கடையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

படம் பிடிக்கும் இயந்திரம் இருந்த அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். திரையில் வரிசையாகக் கட்டங்கள். செய்தி கொடுத்த செல்களின் கட்டத்தில் கூவலின் தடமாகக் கறுப்பாக ஒரு பட்டை, மையில் விரலை முக்கி இழுத்தது போல. செய்தி கொடுக்காத செல்களின் கட்டத்தில் எதுவும் இல்லை.

“எது பாக்கணும்?” என்று மரிசெல் கிசுகிசுத்தாள்.

“இல்லாததை,” என்றாள் நாஸ்ரின். “பட்டினியில அமைதியா இருக்கு. ரூனா சொன்ன மாதிரியே. கூவறவன் வாயைக் காவல்காரன் பொத்தி வச்சிருக்கான்.” மரிசெல் அவள் தோளில் கை போட்டாள். அவளை வில்லியாக்கியதற்கு மன்னிப்பும் அதில் இருந்தது.

ஆர்லோ அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன, சுத்தமான, ஒன்றுமில்லாத இடம். அவன் மனைவி பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

விளக்கு போட்டார்கள். ரிவார் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். இரண்டு நாளாக அவர் எந்தத் தட்டின் பக்கமும் வரவில்லையாம்.

“இதைத் தனிக் கட்டுரையா வெளியிடறோம்,” என்றார். “நாஸ்ரின் பேரும் ரூனா பேரும். என் பேர் வேண்டாம். பென்னர், ஒண்ணு கேக்கணும். முதல் பக்கத்துல ரூனா நினைவா ஒரு வரி போடலாம்னு இருக்கோம். ஆஸ்பத்திரியில கடைசியா ‘தேடறதை நிறுத்தாதீங்க’ன்னு சொன்னாளாமே, இங்க எல்லாரும் சொல்றாங்க. அதையே போட்டுடலாமா?”

“அவ அப்படிச் சொல்லல.”

“இல்ல… நல்ல வரியா இருக்கு. அவ சொல்லக்கூடியதுதானே?”

“டாக்டர்,” என்றான் ஆர்லோ. குரல் உயரவில்லை. “அவ இல்லாத ஒண்ணைச் சேர்த்துட்டான்னு சொல்லித்தானே இவ்வளவும் நடந்துச்சு. இப்போ அவ பேர்ல நாம சேர்க்க வேண்டாம்.”

ரிவார் தலை குனிந்தார். “சரி. பின்ன என்னதான் சொன்னா? சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடுங்க.”

மரிசெல் தரையைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் அவளும் இதைக் கேட்டதில்லை.

ஆர்லோ கோட்டின் பொத்தானைப் போட்டான், திரும்பக் கழற்றினான்.

“வயித்துல ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சுதுன்னாங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க. மத்தியானம் நர்ஸ் ஒரு கிண்ணத்துல பச்சை ஜெல்லி கொண்டாந்து வச்சாங்க. அது தன்னால ஆடிக்கிட்டே இருந்துச்சு. நான் அதுக்கு வணக்கம் சொன்னேன். அவ பக்கத்துல எழுந்து நின்னு, அந்த ஜெல்லிகிட்ட, இன்னைக்கு உங்களை எது இவ்வளவு பதட்டப்படுத்துதுன்னு விசாரணை பண்ண ஆரம்பிச்சேன். அவ வயித்தை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. கண்ணுல தண்ணி. எனக்கு இன்னும் உற்சாகம் வந்துடுச்சு, நிறுத்தல. அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துலதான் கால்ல இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போச்சு. அப்புறம் அவ பேசல.”

“என்ன சொன்னாங்க பாஸ்?” என்று மெல்லக் கேட்டாள் மரிசெல்.

“‘சிரிக்க வைக்காத ஆர்லோ. தையல் பிரிஞ்சிடும்.’”